13 மாதமா, 5 மாதமா? ஸ்மார்ட்-1 பற்றிய பேச்சுக்கு ஒரு மறுப்பு

கனகாம்பாள், ரோஸ் ஹில்

மாலைத் தமிழ் வகுப்பு மாணவர்களுக்காக அண்மையில் நடந்த அறிவியல் கூட்டத்தில் ஒருவர் பேசிய பேச்சை இங்கே சிலர் வானளாவப் புகழ்ந்து எழுதியிருப்பதைப் பார்த்த பிறகே இந்த இழையைத் தொடங்குகிறேன். "அயனி இயந்திரம் நிலவுப் பயணத்துக்கு உதவாது, ஐரோப்பியர் அதைக் கொண்டு அனுப்பிய ஸ்மார்ட்-1 நிலவை அடைய 13 மாதம் பிடித்தது, அப்போலோவோ மூன்றே நாளில் போய்விட்டது" என்று அவர் சொன்னார். பிள்ளைகள் கைதட்டினார்கள், முன்வரிசைப் பெரியவர்கள் தலையாட்டினார்கள். பல ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவளால் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அயனி இயந்திரம் என்றால் மின்னூட்டம் ஏற்றிய வாயு அணுக்களை, அதாவது அயனிகளை, மின்சாரத்தால் பின்னால் வெளியேற்றிக் கலத்தை முன்னால் தள்ளும் இயந்திரம். ஸ்மார்ட்-1 புறப்பட்டது 2003 செப்டம்பர் 27. நிலவின் ஈர்ப்புக்குள் அது வந்து சேர்ந்தது 2004 நவம்பர் 15. நாட்காட்டியைப் பார்த்தால் பதின்மூன்றரை மாதம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதின்மூன்றரை மாதத்தில் இயந்திரம் உண்மையில் இயங்கிய நேரம் ஏறக்குறைய 3,700 மணி, அதாவது ஐந்து மாதம் மட்டுமே. மிச்ச நாட்களில் அது அணைந்திருந்தது. உந்துவதால் பயன் குறைவாக இருந்த பாதைப் பகுதிகளில் அணைத்து வைத்தார்கள். பூமியின் நிழலில் சூரியத் தகடுகள் இருண்டபோது அணைத்து வைத்தார்கள். 2004 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நிலவின் ஈர்ப்பையே மும்முறை பயன்படுத்திப் பாதையை உயர்த்திக்கொண்டார்கள். செலவான செனான் வாயு அதுவரை 59 கிலோ. அணைந்து கிடந்த எட்டு மாதத்தையும் சேர்த்து இயந்திரத்தின் குற்றமாக எழுதுவது எந்த ஊர்க் கணக்கு?

மூன்று நாளில் போன அப்போலோ 11-ஐ ஏந்திச் சென்ற சாட்டர்ன்-5 ஏவுகணை புறப்படும்போது ஏறத்தாழ 2,900 டன் எடை கொண்டது. ஸ்மார்ட்-1 விண்கலம் 367 கிலோ. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பிள்ளைகளிடம் காட்டியவர் அந்த எடைகளைச் சொல்லவே இல்லை.

செல்வமணி, வக்வா

அம்மா, அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். பேசியவர் சரியாகத்தான் சொன்னார். 13 மாதம் என்பது 13 மாதம். இயந்திரம் எத்தனை மணி நேரம் எரிந்தது என்பது உங்களுக்கு வேண்டுமானால் சுவையான செய்தியாக இருக்கலாம். பயணியைப் பொறுத்தவரை புறப்பட்ட நாளும் சேர்ந்த நாளும்தான் கணக்கு. நான் துறைமுகத்தில் கப்பல் இயந்திரங்களோடு வேலை செய்தவன். ஒரு கப்பல் எத்தனை நாளில் வந்தது என்று கேட்டால், "இயந்திரம் ஓடிய மணிகளை மட்டும் எண்ணுங்கள்" என்று எந்தத் தலைமைப் பொறியாளரும் பதில் சொன்னதில்லை.

இயந்திரத்தை ஏன் அணைத்தார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அதன் உந்துவிசை சுமார் 70 மில்லி நியூட்டன். அவ்வளவு சிறிய விசையைச் சரியான இடத்தில் கொடுக்காவிட்டால் வீணாகும் என்பதால்தான் காத்திருந்தார்கள். ஆகவே அந்தக் காத்திருப்பும் அந்த இயந்திரத்தின் குணமே. அதை எடுத்துத் தனியே வைத்துவிட்டு ஐந்து மாதம் என்பது நேர்மையான கணக்கு ஆகாது.

நிலவின் தரையில் 367 கிலோ விண்கலத்தின் எடை ஏறக்குறைய 595 நியூட்டன். உங்கள் இயந்திரம் அதில் எட்டாயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கைக்கூடத் தூக்காது. இறங்கவும் முடியாது, எழும்பவும் முடியாது. நிலவுப் பயணத்துக்கு உதவாது என்று சொன்னதில் என்ன பிழை?

கனகாம்பாள், ரோஸ் ஹில்

செல்வமணி ஐயா, அயனி இயந்திரத்தால் நிலவில் இறங்கலாம் என்று நான் எங்கும் எழுதவில்லை. எழுதாததை மறுப்பது உங்களுக்குப் புதிதல்ல. பிரா டோ வானொலித் தொலைநோக்கியைப் பற்றிய பழைய இழையிலும் இதையே செய்தீர்கள்.

துறைமுகத்தை நீங்களே கொண்டுவந்ததால் அங்கேயே பேசுகிறேன். நம் மொரிசியஸ் தீவுக்கு அரிசி விமானத்தில் வருவதில்லை. கப்பலில்தான் வருகிறது, மெதுவாகத்தான் வருகிறது, அதனால்தான் நம்மால் வாங்கிச் சாப்பிட முடிகிறது. அயனி இயந்திரம் சரக்குக்கானது. அதன் சிறப்பு வேகமாகச் சேர்வதில் இல்லை, குறைந்த எரிபொருளில் சேர்வதில் இருக்கிறது. ஸ்மார்ட்-1 இயந்திரம் செனான் அயனிகளை நொடிக்கு ஏறக்குறைய 16 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேற்றியது. விண்கலங்களில் வழக்கமாக இருக்கும் வேதி எரிபொருள் இயந்திரம் சுமார் 3 கிலோமீட்டர் வேகத்தில்தான் வெளியேற்றும். ஒரு கிலோ எரிபொருளிலிருந்து கிடைக்கும் தள்ளல் ஐந்து மடங்குக்கும் மேல்.

விசை ஏன் சிறியது? மின்சாரம் சிறியது என்பதால். அந்த இயந்திரத்துக்குக் கிடைத்தது 1,200 வாட்டுக்கும் சற்றுக் குறைவு. ஒரு வீட்டு இஸ்திரிப் பெட்டிக்கே அதைவிடக் கூடுதலாக மின்சாரம் வேண்டும். அதே எடைக்குப் பத்து மடங்கு மின்சாரம் கொடுத்தால் விசையும் பத்து மடங்காகும், காலமும் அந்த அளவுக்குச் சுருங்கும். ஆகவே காலத்தைத் தீர்மானித்தவை சூரியத் தகடும் பயணச் சீட்டும்தாம். ஸ்மார்ட்-1-க்குத் தனி ஏவுகணை கிடைக்கவில்லை. ஏரியான்-5 ஏவுகணையில் இரண்டு பெரிய தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களுக்கு நடுவே மூன்றாவதாக இடம் பிடித்துப் போனது. அவர்கள் இறக்கிவிட்ட இடத்திலிருந்து, பூமியை ஒட்டிய நீள்வட்டத்திலிருந்து, தன் காலில் நடந்து போனது.

ஐந்து மாதம். அதை மறுக்கும் எண் ஒன்றை யாராவது கொடுங்கள்.

தனபாலன், சேன்-பியேர்

ரெயூனியனிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் இருவருமே தவறான எண்ணை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். 2004 நவம்பரில் ஸ்மார்ட்-1 நிலவின் ஈர்ப்பில் சிக்கியது, அவ்வளவுதான். அறிவியல் ஆய்வுக்குரிய சுற்றுப்பாதையில் அது நிலைகொண்டது 2005 மார்ச்சில். பயணம் முடிந்தது அன்றுதான். ஆகவே 13-ம் இல்லை, 5-ம் இல்லை, 17 மாதம்.

இன்னொன்று. "ஐரோப்பியர் அனுப்பியது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். அந்த இயந்திரம் பிரெஞ்சு இயந்திரம். ஸ்னெக்மா நிறுவனம் செய்த பிபிஎஸ்-1350 அது. ஏவுகணை கிளம்பியதும் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து. மொரிசியஸ் நண்பர்கள் பிரெஞ்சு நாளிதழை ஒவ்வொரு நாளும் படிப்பவர்கள். இந்தப் பெயரைச் சொல்ல மட்டும் ஏன் தயங்குகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

வேலாயுதம், போர்ட் லூயிஸ்

தனபாலன் அவர்களே, அந்த இயந்திரத்தின் மூலம் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது ஹால் உந்தி என்ற வகை அயனி இயந்திரம். மொரோசோவ் போன்ற சோவியத் அறிவியலாளர்கள் வளர்த்தெடுத்த அந்த வகை, 1971 இறுதியில் ஏவப்பட்ட மீட்டியோர் செயற்கைக்கோளிலேயே விண்வெளியில் இயங்கிவிட்டது. கலினின்கிராதின் ஃபாக்கல் நிறுவனத்தாரின் எஸ்பிடி-100 என்ற உந்தியின் வழியில் வந்ததே உங்கள் பிபிஎஸ்-1350.

அந்த ஏரியான்-5-இல் ஸ்மார்ட்-1-உடன் போன பெரிய செயற்கைக்கோள்களில் ஒன்று இந்தியாவின் இன்சாட்-3இ. இதை யாரும் சொல்லவில்லை. ஸ்மார்ட்-1 சுமந்து சென்ற எக்ஸ்-கதிர் நிறமாலைக் கருவியின் அடுத்த தலைமுறையே 2008-இல் சந்திரயான்-1-இல் ஏறிப் போனது. அந்தத் திட்டத்தை நடத்திய மயில்சாமி அண்ணாதுரை தமிழர். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேலும் தமிழர். இஸ்ரோவின் தரைநிலையம் ஒன்று பல பத்தாண்டுகளாக நம் தீவில் இயங்குகிறது. நிலவைப் பற்றித் தமிழில் பேசும்போது கூரூவைவிட இவைதாம் நமக்கு நெருக்கம்.

சந்திரயான்-1 2008 அக்டோபர் 22 அன்று கிளம்பி நவம்பர் 8 அன்று நிலவுச் சுற்றுப்பாதையில் நுழைந்தது. பதினேழு நாள். பதினேழு மாதம் அல்ல.

தனபாலன், சேன்-பியேர்

17 மாதம் என்பதை ஒப்புக்கொண்டதற்கு நன்றி. இயந்திரத்தைச் செய்தவர் ஸ்னெக்மா. வழிவந்தது எங்கிருந்து என்பது வேறு பேச்சு.

வேலாயுதம், போர்ட் லூயிஸ்

நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. என் பதிவை இன்னொரு முறை படியுங்கள்.

கனகாம்பாள், ரோஸ் ஹில்

ஊர்ப் பெருமையை இன்னொரு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. அது தெரிந்தால் இந்த மாதக் கணக்கே எழாது என்பதால் எழுதுகிறேன்.

ஹால் உந்தியில் வளைய வடிவமான ஒரு பள்ளம் இருக்கிறது. அதன் அடியிலிருந்து செனான் வாயு மெல்லக் கசிந்து வருகிறது. பள்ளத்தின் குறுக்கே காந்தப்புலம், நீளவாக்கில் ஏறக்குறைய 350 வோல்ட் மின்னழுத்தம். வெளியே இருக்கும் எதிர்மின்வாயிலிருந்து உள்ளே பாயும் எலக்ட்ரான்களைக் காந்தப்புலம் பிடித்து வளையத்தைச் சுற்றிச் சுற்றி ஓட வைக்கிறது. அப்படி ஓடும் எலக்ட்ரான் செனான் அணுவில் மோதி அதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்துவிடும். எலக்ட்ரானைவிடப் பல்லாயிரம் மடங்கு கனமான செனான் அயனியை அந்தக் காந்தப்புலம் ஒன்றும் செய்யாது. அது மின்புலத்தின் வழியே வெளியே பாயும். விண்கலம் எதிர்ப்பக்கம் நகரும். வெளியே போகும் அயனிகளோடு எலக்ட்ரான்களும் கலந்து போவதால் விண்கலத்தில் மின்னூட்டம் தேங்குவதில்லை.

நாசாவின் டீப் ஸ்பேஸ்-1 வேறு வழியில் போனது. அதில் நுண்துளைகள் நிறைந்த இரண்டு உலோக வலைகளுக்கு இடையே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வோல்ட். வெளியேறும் வேகம் நொடிக்கு 30 கிலோமீட்டர் வரை. 1998 அக்டோபரில் கிளம்பிய அந்தக் கலத்தின் இயந்திரம் மொத்தம் 16,000 மணிக்கும் மேல் இயங்கியது. 2007-இல் புறப்பட்ட டான் விண்கலம் அதே வகை இயந்திரங்களாலும் 425 கிலோ செனானாலும் வெஸ்டா என்ற சிறுகோளைச் சுற்றிவிட்டு, அங்கிருந்து கிளம்பிப் போய் சீரிஸ் என்ற குறுங்கோளையும் சுற்றியது. பூமிக்கு வெளியே இரண்டு விண்பொருள்களைச் சுற்றிவந்த முதல் கலம் அது. வேதி எரிபொருளை நம்பியிருந்தால் அந்தப் பயணத்தைத் திட்டமாக எழுதிக்கூட அனுப்பியிருக்க மாட்டார்கள்.

இந்த இயந்திரங்கள் இன்று ஆய்வகத்து அதிசயம் அல்ல. நம் தலைக்கு மேலே போகும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஆயிரக்கணக்கில் ஹால் உந்திகளோடு பறக்கின்றன. விலை கருதி அவற்றில் முதலில் கிரிப்டானும் பின்னர் ஆர்கானும் நிரப்பினார்கள். இந்தியாவும் 2017 மே மாதம் ஏவிய தெற்காசியச் செயற்கைக்கோளில் செனான் உந்திகளை வைத்தது. இப்படிப்பட்ட ஒன்றைப் பிள்ளைகளிடம் "உதவாது" என்று சொல்லிவிட்டு ஒருவர் மாலை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். என் கோபம் அதுதான்.

இயந்திரம் இயங்கியது ஐந்து மாதம்.

செல்வமணி, வக்வா

பாடம் நன்றாக இருக்கிறது அம்மா. ஆனால் கேள்விக்குப் பதில் அதில் இல்லை.

ஸ்மார்ட்-1 துணைப் பயணியாகப் போனதால்தான் தாமதம் என்கிறீர்கள். இஸ்ரேலின் பெரெஷீட் கலமும் துணைப் பயணியாகத்தான் போனது. 2019 பிப்ரவரியில் ஒரு தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளோடு ஃபால்கன்-9 ஏவுகணையில் ஏறியது. பூமியைச் சுற்றிய நீள்வட்டத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து வேதி எரிபொருள் இயந்திரத்தால் தன் காலிலேயே நடந்து ஏப்ரல் 4 அன்று நிலவுச் சுற்றுப்பாதைக்குள் நுழைந்துவிட்டது. ஆறு வாரம். இடம் கொடுத்த ஏவுகணையின் மேல் பழிபோடும் உங்கள் வாதம் இத்தோடு முடிந்தது.

எரிபொருள் சிக்கனத்தைப் பற்றியும் பாதியைத்தான் சொன்னீர்கள். வேதி இயந்திரம் பூமிக்கு மிக அருகே கலம் வேகமாகப் பாயும் புள்ளியில் சில நிமிடம் எரிந்தாலே போதும். அப்படிச் செய்தால் நீள்வட்டப் பாதையிலிருந்து நிலவை நோக்கிக் கிளம்ப நொடிக்குச் சுமார் 0.7 கிலோமீட்டர், நிலவைச் சுற்ற நுழைவதற்குச் சுமார் 0.8 கிலோமீட்டர், ஆக 1.5 கிலோமீட்டர் வேகமாற்றம் போதும். உங்கள் அயனி இயந்திரம் சுருள் சுருளாக ஏறுவதால் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வேகமாற்றம் செய்தாக வேண்டியிருந்தது. 367 கிலோவில் 82 கிலோ செனான் நிரப்பியதைக் கணக்கிட்டால் நொடிக்கு 4 கிலோமீட்டர் வருகிறது. ஐந்து மடங்கு சிக்கனம் என்று முழங்கிவிட்டு, இரண்டரை மடங்கு வேலை அதிகம் என்பதை மறைத்தீர்கள்.

ஆசிரியராக இருந்தவர் மறைக்கக் கூடாது. பிரா டோ இழையில் எல்லார் முன்னிலையிலும் என் கணக்கைத் திருத்தியவர் நீங்கள். இப்போது உங்கள் கணக்கை நான் திருத்துகிறேன். 13 மாதம்.

கனகாம்பாள், ரோஸ் ஹில்

ஐயா, நீங்கள் கொடுத்த 1.5 கிலோமீட்டரையே எடுத்துக்கொள்கிறேன். வெளியேற்ற வேகம் 3 கிலோமீட்டர் என்றால் 367 கிலோ கலத்தில் ஏறக்குறைய 144 கிலோ எரிபொருள் வேண்டும். ஸ்மார்ட்-1 ஏற்றிச் சென்ற செனான் 82 கிலோ. வித்தியாசம் 62 கிலோ. அந்தக் கலத்தின் அறிவியல் கருவிகள் எல்லாம் சேர்ந்தே 19 கிலோ. கருவிகளைப் போல மூன்று மடங்கு எடை மிச்சமாகிறது, அதுவும் உங்களுக்குச் சாதகமான எண்ணை வைத்துக் கணக்கிட்டபோது. அந்த 82 கிலோவும் பயணத்தில் செலவாகவில்லை என்பதை முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன். நிலவின் ஈர்ப்புக்குள் வரும்வரை ஆனது 59 கிலோ. மிச்சத்தில் சுற்றுப்பாதையைத் தாழ்த்தினார்கள், 2005-இல் மறுபடியும் உயர்த்தினார்கள், ஆய்வை ஓராண்டு நீட்டித்தார்கள். 2006 செப்டம்பர் 3 அன்று நிலவின் முன்பக்கத்தில், எந்த இடத்தில் எப்போது என்று அறிவித்துவிட்டு மோத வைத்தார்கள். எரிபொருளை வீணடித்த கலத்தால் இத்தனையும் செய்திருக்க முடியாது.

பெரெஷீட்டைப் பற்றி. அது புறப்பட்டபோது 585 கிலோ. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு எரிபொருள். அதை ஆறு வாரத்துக்கு எடுத்துக்காட்டாகக் காட்டியவர் எடையைச் சொல்லவில்லை. மேடையில் பேசியவரும் சாட்டர்ன்-5-இன் எடையைச் சொல்லவில்லை. இருவருக்கும் ஒரே பழக்கம்.

இனி மின்சாரத்துக்கு வருவோம். நிலவைச் சுற்றுவதற்காகத் திட்டமிட்ட கேட்வே விண்வெளி நிலையத்துக்காக நாசா வடிவமைத்த உந்துகலத்தில் சூரியத் தகடுகள் 60 கிலோவாட். அதற்காக ஒவ்வொன்றும் 12 கிலோவாட் வாங்கும் ஹால் உந்திகளைச் செய்தார்கள். ஸ்மார்ட்-1 உந்தியைப் போலப் பத்து மடங்கு. மனிதர் கால் வைக்கும் நிலவுத் திட்டத்திலேயே சரக்கைக் கொண்டுபோய் நிறுத்துவதற்கு இந்த இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், "உதவாது" என்றவருக்கு அதைவிட வேறு மறுப்பு என்ன வேண்டும்?

செல்வமணி, வக்வா

பெரெஷீட்டின் எரிபொருளில் பெரும்பகுதி தரையிறங்குவதற்கு ஏற்றியது. அதையும் சேர்த்து "முக்கால் பங்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். உந்திக்கு மின்சாரம் கொடுக்கும் பெரிய தகடுகள், உயர் மின்னழுத்தக் கருவிகள், அழுத்தக் கலன் ஆகியவற்றின் எடையை 62 கிலோவிலிருந்து கழிக்கவும் மறந்துவிட்டீர்கள். கேட்வே உந்துகலம் இன்னும் பூமியை விட்டுக் கிளம்பவே இல்லை. கிளம்பினாலும் ஏறக்குறைய ஓராண்டு சுருள் சுற்றித்தான் போய்ச் சேர வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. பத்து மடங்கு மின்சாரம் கொடுத்தால் காலம் சுருங்கும் என்றீர்களே, சுருங்கியதா?

கனகாம்பாள், ரோஸ் ஹில்

அந்தக் கலத்தின் எடை எத்தனை டன் என்று பார்த்துவிட்டு வந்து கேளுங்கள். மின்சாரமும் கூடியது, எடையும் கூடியது. "அதே எடைக்கு" என்று நான் எழுதிய இரண்டு சொற்களை விட்டுவிட்டுப் படிக்கிறீர்கள்.

இளங்கோ, டர்பன்

தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எண்களின் சண்டையில் எல்லாரும் கதிர்வீச்சை மறந்துவிட்டீர்கள். பூமியைச் சுற்றியுள்ள வான் ஆலன் கதிர்வீச்சு வளையங்களை அப்போலோ சில மணி நேரத்தில் கடந்தது. சுருள் சுருளாக ஏறிய ஸ்மார்ட்-1 அவற்றுக்குள் வாரக்கணக்கில் புகுந்து புகுந்து வெளிவர வேண்டியிருந்தது. 2003 அக்டோபர் இறுதியில் சூரியப் புயல் வீசியபோது திசை அறிய விண்மீன்களைப் பார்க்கும் அதன் கருவி தடுமாறியது. கதிர்வீச்சினால் மின்னணு உறுப்பு ஒன்று பிழையான குறிப்பைக் கொடுத்து இயந்திரமே தானாக அணைந்த சம்பவங்களும் நடந்தன. கனகாம்பாள் அம்மா "அணைத்து வைத்தார்கள்" என்று எழுதியிருக்கிறார். சில முறை அதுவாகவே அணைந்தது. 13 மாதம் என்பது காலம் மட்டும் அல்ல, ஆபத்தின் அளவும்கூட. மனிதரை அதில் அனுப்ப முடியாது.

கனகாம்பாள், ரோஸ் ஹில்

இளங்கோ தம்பி, மனிதரை அனுப்பலாம் என்று எழுதிய பதிவை எனக்குக் காட்டுங்கள். சரக்கு என்று எழுதினேன். அணைந்த இயந்திரத்தை மென்பொருளைத் திருத்தித் தானாகவே மறுபடி இயங்க வைத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதியிருந்தால் உங்கள் பதிவு முழுமையாக இருந்திருக்கும். ஜப்பானின் ஹயபுசா கலத்தில் 2009-இல் அயனி இயந்திரங்கள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தபோது, ஒன்றின் அயனி மூலத்தையும் இன்னொன்றின் எலக்ட்ரான் கொடுக்கும் பகுதியையும் இணைத்து ஓட்டி, இட்டோகாவா சிறுகோளின் துகள்களை 2010 ஜூனில் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். இயந்திரம் பழுதாகும், பழுதை வெல்வதுதான் பொறியியல்.

மாலதி, கத்ர் போர்ன்

மூன்று நாளாக ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் தொங்குவதைப் பார்க்க எனக்குச் சலிப்பாக இருக்கிறது. நிலவில் அயனி என்றால் இயந்திரம் மட்டுமா?

காற்று மண்டலமும் உலகளாவிய காந்தப்புலமும் இல்லாததால் சூரியக் காற்றின் அயனிகள் நொடிக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் வேகத்தில் நேரே நிலவின் மண்ணில் மோதுகின்றன. மண் அவற்றை முழுக்க உறிஞ்சிவிடும் என்றே நெடுங்காலம் கருதினார்கள். சந்திரயான்-1-இல் இருந்த சாரா கருவி, மோதும் புரோட்டான்களில் 20 விழுக்காடு வரை ஹைட்ரஜன் அணுக்களாக விண்வெளிக்கே திரும்பிப் பாய்வதைக் கண்டது. 2024 ஜூனில் சீனாவின் சாங்இ-6 நிலவின் மறுபக்கத்தில் இறங்கியபோது, ஸ்வீடன் ஆய்வகத்தார் ஐரோப்பிய விண்வெளி முகமைக்காகச் செய்த கருவி ஒன்று எதிர்மின் அயனிகளை நிலவுத் தரையிலேயே அளந்தது. சூரிய ஒளி பட்டதும் கூடுதல் எலக்ட்ரானை இழந்துவிடுவதால் அவை நெடுந்தூரம் போவதில்லை. உயரத்தில் சுற்றும் கலத்துக்கு எட்டுவதற்கு முன்பே மறைந்துவிடும். ஆகவே இறங்கிப் பார்த்தால்தான் அகப்படும். சந்திரயான்-3 தரையிறங்கியின் ராம்பா ஆய்வுக்கருவி தென்துருவத்துக்கு அருகே ஒரு கன மீட்டரில் 50 லட்சம் முதல் 3 கோடி வரை எலக்ட்ரான்கள் இருப்பதாகக் கணித்தது.

நிலவில் நாளை நிற்கப்போகும் கருவிகளின் மேல் மின்னூட்டம் ஏறுமா, தூசி ஒட்டுமா, வானொலி அலை வளையுமா என்பதெல்லாம் இந்த அளவுகளைச் சார்ந்தவை. இதைப் பற்றி மாணவர்களுக்கு யாராவது பேசினீர்களா?

செல்வமணி, வக்வா

மாலதி அவர்களே, நீங்கள் எழுதியது வேறு பொருள். ஆனால் ஒன்று கவனித்தேன். நீங்கள் சொன்ன மூன்று கருவிகளையும் நிலவுக்குக் கொண்டுசேர்த்தவை வேதி எரிபொருள் இயந்திரங்கள்.

அயனி இயந்திரத்தோடு போனவற்றையும் சொல்கிறேன். 2022 நவம்பரில் ஆர்ட்டெமிஸ்-1 ஏவுகணையில் சென்ற லூனா ஹெச்-மேப் என்ற சிறு கலத்தில் திட அயோடினில் இயங்கும் அயனி உந்தி இருந்தது. எரிபொருள் அடைப்பிதழ் ஒட்டிக்கொண்டதால் அது கடைசிவரை எரியவே இல்லை. அதே வகை உந்தியோடு போன லூனார் ஐஸ்கியூபோடு தொடர்பே அற்றுப்போனது. இரண்டும் நிலவைச் சுற்றவில்லை.

மாலதி, கத்ர் போர்ன்

வேறு பொருள் என்று தள்ளிவிட்டு அதையே உங்கள் வாதத்துக்கு எடுத்துக்கொள்கிறீர்கள். இனி இந்த இழையில் எழுத மாட்டேன்.

கனகாம்பாள், ரோஸ் ஹில்

அடைப்பிதழ் ஒட்டிக்கொண்டால் வேதி இயந்திரமும் எரியாது. அந்த உந்தி மெதுவாக இருந்ததால் தோற்கவில்லை. எரிபொருள் வராததால் தோற்றது. தொடர்பு அற்றுப்போனதற்கும் உந்திக்கும் என்ன தொடர்பு? செல்வமணி ஐயா, பெரெஷீட் 2019 ஏப்ரல் 11 அன்று இறங்கும்போது இயந்திரம் நின்று நிலவில் மோதி உடைந்ததே, அதை வைத்து வேதி எரிபொருள் நிலவுக்கு உதவாது என்று நான் எழுதினேனா? நான் அப்படி எழுதவில்லை, ஏனென்றால் அது அறிவியல் ஆகாது.

மாலதி போய்விட்டதில் எனக்கு வருத்தம். அவர் சொன்னவை அனைத்தும் அந்தக் கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டியவை. அதைச் சொல்லாமல் ஒரு மாதக் கணக்கைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது என் பேத்தி, "பாட்டி, அயனி இயந்திரம் தோற்றுப்போன கண்டுபிடிப்பா?" என்று கேட்டாள். 1964 ஜூலையில் முதன்முதலாக ஓர் அயனி இயந்திரம் விண்வெளியில் 31 நிமிடம் இயங்கியது. அங்கிருந்து பத்தாயிரக்கணக்கான மணிகளுக்கு இதை வளர்த்துக் கொண்டுவந்தவர்களின் உழைப்பு, ஒரே வாக்கியத்தில் ஒரு பிள்ளையின் மனதில் தோல்வியாகப் பதிந்துவிட்டது. அதைத் துடைத்தெடுக்கும்வரை எழுதுவேன். ஸ்மார்ட்-1 நிலவின் ஈர்ப்புக்குள் வர எடுத்தது மொத்தம் 415 நாள், ஏறக்குறைய 9,960 மணி. அதில் இயந்திரம் இயங்கியது 3,700 மணி. நூற்றுக்கு 37 பங்கு. இந்தக் கணக்கில் எந்த வரி பிழை என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

தனபாலன், சேன்-பியேர்

415 நாள் என்பதே பிழை. நான் மேலே எழுதியதை யாரும் மறுக்கவில்லை: 2005 மார்ச் வரை எண்ண வேண்டும். அப்போது இயந்திரம் இயங்கிய மணிகளும் கூடும், உங்கள் 37 பங்கும் மாறும்.

வேலாயுதம், போர்ட் லூயிஸ்

மார்ச் வரை எண்ணுவதானால் சந்திரயான்-1-ஐயும் அது இறுதிச் சுற்றுப்பாதையை அடைந்த நவம்பர் 12 வரை எண்ணலாம். அப்போதும் மூன்று வாரம்தான்.

செல்வமணி, வக்வா

கணக்கில் எந்த வரியும் பிழை இல்லை, கேள்விதான் பிழை. இயந்திரம் எத்தனை மணி எரிந்தது என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. எப்போது போய்ச் சேர்ந்தது என்று கேட்டார்கள். பதில் 2004 நவம்பர் 15. உங்கள் பேத்தியிடம் அந்தத் தேதியையும் சொல்லுங்கள்.

கனகாம்பாள், ரோஸ் ஹில்

தேதியைச் சொல்லிவிட்டேன். 59 கிலோவையும் சொன்னேன். இதே வேலைக்கு வேதி எரிபொருள் எத்தனை கிலோ என்று அவள் கேட்டாள், உங்கள் 1.5 கிலோமீட்டரை வைத்து அவளே கணக்குப் போட்டாள். தகடுகளின் எடையைக் கழிக்க வேண்டும் என்றீர்களே, அந்த எடை எத்தனை கிலோ என்ற எண்ணை எழுதுங்கள். அவள் நோட்டுப் புத்தகத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாள்.